பாப் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்க வைத்துவிட்டார்களா?

மாட்டுங்கா_ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றைக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவள், மாட்டுங்கா. ஏழு வயதில் தொடங்கி பன்னிரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றேன். படிப்பு, வேலை, கல்யாணம் என்று வந்தபோது நின்றுபோனது. ஆனாலும் இன்றைக்கும் சண்முகானந்தா அரங்கில் நல்ல கச்சேரி என்றால் போய்விடுவேன். எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுக்கே அரை மனதோடுதான் அனுமதி. இளையராஜா, ரகுமான் வரைக்கும் சரி. இங்கிலீஷ் பாப் என்றால் பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார், "அது சோப்பு மாதிரி சரக்கு, பாட்டு இல்லை" என்று.

ஆனால் தினமும் காலையில் லேடீஸ் பெட்டியில் ஏறி அந்தேரியில் இறங்குவதற்குள் நான் கேட்பதெல்லாம் ஆப்பா, மைக்கேல் ஜாக்சன், விட்னி ஹூஸ்டன், இப்போது மகள் புண்ணியத்தில் டெய்லர் ஸ்விஃப்ட், கொரியாக்காரர்களான பி.டி.எஸ். இருபது வருடமாக இப்படித்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

போன வாரம் மகள் ஏதோ ஒரு பாட்டைச் சத்தமாக வைத்தாள், பதிமூன்று வயது. நான் யோசிக்காமல் "இதெல்லாம் ஃபேக்டரியில் செய்கிற பாட்டு" என்றேன். பெரியப்பாவின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "அப்புறம் ஏம்மா உன் விரல் தாளம் போடுது?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

தேடிப் படித்துப் பார்த்தால் பெரியப்பா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மேக்ஸ் மார்ட்டின் என்று ஒரு ஸ்வீடன்காரர், பாட்டு எழுதித் தயாரிக்கிறவர். 1998இல் பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் ஹிட், 1999இல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், 2014இல் டெய்லர் ஸ்விஃப்ட், 2019இல் வீக்எண்ட் என்று நான் ரசித்த பாதிப் பாட்டில் அவர் கை இருக்கிறது. 1959இல் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியைத் தொடங்கிய பெரி கோர்டி அதற்கு முன்னால் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். கார் ஒவ்வொரு நிலையாக நகர்ந்து முழு வண்டியாக வெளியே வருவது மாதிரி பாட்டையும் பாடகரையும் உருவாக்க வேண்டும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் போட்டு எந்தப் பாட்டை வெளியிடலாம் என்று ஓட்டெடுப்பாராம். அப்படியானால் ஃபேக்டரி என்பது நிஜம்தானே?

என் கேள்வி இதுதான். இந்தப் பாட்டுகள் எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கின்றனவா, இல்லை என் காது எங்கே மயங்கும் என்று தெரிந்த நாலு பேர் சேர்ந்து பிடிக்க வைத்துவிட்டார்களா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபேடர்_டோம்பிவிலி:

பதினைந்து வருடமாக அந்தேரிப் பக்கம் சின்ன ஸ்டுடியோக்களில் மிக்சிங் செய்கிறேன், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கிற வேலை. பெரும்பாலும் விளம்பரங்களும் சீரியல்களும்தான், அதாவது உங்கள் பெரியப்பா சொல்கிற சோப்புப் பாட்டை நிஜமாகவே செய்கிற ஆள். அந்த உரிமையில் சொல்கிறேன், காசுக்காகச் செய்வதும் கவனமாகச் செய்வதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

மைக்கேல் ஜாக்சன் கேட்பீர்கள் என்று எழுதியதால் 1982இல் வந்த திரில்லர் தொகுப்பில் பில்லி ஜீன் பாட்டையே எடுத்துக்கொள்வோம். தயாரிப்பு குவின்சி ஜோன்ஸ், ஒலிப்பதிவு புரூஸ் ஸ்வீடியன். அந்த ஒரு பாட்டை ஸ்வீடியன் 91 முறை மிக்ஸ் செய்தார், கடைசியில் எல்லாரும் இரண்டாவது மிக்ஸுக்கே திரும்பினார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. டிரம்ஸ் சத்தம் சுத்தமாக வர வேண்டும் என்று அதற்கென்றே மேடை கட்டினார். பின்குரலில் ஒரு பகுதியை ஜாக்சன் நீளமான அட்டைக் குழாய் வழியாகப் பாடியிருக்கிறார், அந்தக் குரலில் கொஞ்சம் தூரம் தெரிய வேண்டும் என்பதற்காக. அப்புறம் அந்த முன்னிசை, ஏறக்குறைய அரை நிமிடம் போகும். நீளமாக இருக்கிறது, சுருக்கு என்று ஜோன்ஸ் சொன்னபோது ஜாக்சன் விடவில்லை, அதைக் கேட்டால்தான் தனக்கு ஆட வருகிறது என்றார். பாட்டை விற்பதைப் பற்றி மட்டும் யோசிக்கிறவர் அந்த இடத்தில் வெட்டியிருப்பார்.

இன்றைக்கு ரயிலில் அதை நாலு தடவை கேளுங்கள். முதல் தடவை டிரம்ஸ் மட்டும். இரண்டாவது தடவை பேஸ், அதாவது அடியில் ஓடுகிற கனத்த சத்தம், அது நம்ம ஆட்கள் ஒரே கணக்கை நிதானமாக வாசித்துக்கொண்டே போவது மாதிரி, கிட்டத்தட்ட ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும், ஆனால் அலுக்காது. ஏன் அலுக்கவில்லை என்று கவனியுங்கள், மேலே ஒவ்வொன்றாக என்னென்ன வந்து சேருகிறது என்று புரியும். மூன்றாவது தடவை குரலை விட்டுவிட்டு அந்த விக்கல் மாதிரி சின்னச் சின்னச் சத்தங்களை மட்டும். நாலாவது தடவை ஒன்றையும் தேடாமல் சும்மா கேளுங்கள். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து மிருதங்கக்காரரின் விரலைப் பார்ப்பீர்களே, அதே கவனம்தான். நாம் பாப்புக்கு அந்தக் கவனத்தைக் கொடுத்ததே இல்லை, ஏதாவது வேலை செய்துகொண்டே கேட்டுவிட்டு ஆழம் இல்லை என்கிறோம்.

மோடவுன் தொழிற்சாலை என்றீர்கள், உண்மைதான். அந்தத் தொழிற்சாலைக்குள் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் உட்கார்ந்து, பெரும்பாலும் ஒற்றை விரலால் மீட்டிய பேஸைத்தான் உலகம் முழுக்க பேஸ் வாசிக்கிறவர்கள் இன்னும் பாடமாகப் படிக்கிறார்கள். 1971 வரை தட்டின் உறையில் அவர் பெயர்கூட இல்லை. அநியாயம் அங்கே இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த விரல் பொய் இல்லை.

செம்பூர்_78ஆர்பிஎம்:

அம்மா, நான் எழுபத்தைந்தைத் தாண்டியவன், ஃபோர்ட்டில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரொம்ப வருடம் ஆகிவிட்டது. உங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களோடுதான் என் வாழ்க்கை முழுவதும் சபாவில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பழக்கம்.

1977 என்று நினைவு. காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் இருந்ததே, 2016இல் மூடினார்கள். அங்கே ஒரு கர்நாடக எல்.பி. வாங்கப் போனேன். தட்டைக் கேட்டுப் பார்த்து வாங்க சின்னச் சின்ன அறைகள் வைத்திருப்பார்கள். பக்கத்து அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே ஆப்பாவின் டான்சிங் குவீன் ஓடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்த தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அந்தப் பாட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பியானோ மேலிருந்து ஒரே வழுக்காக வழுக்கி வரும், உடனே கோரஸின் பாதியில் போய்க் குதிக்கும். நம்மவர்கள் சில கீர்த்தனைகளை இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் எடுத்துப் பாடிவிட்டு அப்புறம் பல்லவிக்கு வருவார்களே, கேட்கிறவனுக்கு நடுவழியில் கைப்பிடித்து இழுத்தது மாதிரி இருக்கும், அதே உணர்வு எனக்கு அன்றைக்கு. ஆப்பாவில் பாடும் இரண்டு பெண்களில் ஒருவரான ஃப்ரிடா, குரல் சேர்க்காத வெறும் பின்னணி இசையைக் கேட்டே அழுதுவிட்டாராம். பாடுகிறவரே அழுத சரக்கு அது. இரண்டு தட்டும் வாங்கி வந்தேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நம் இசை காசு படாத இசை என்று சொன்னது யார்? ராஜா கொடுத்தார், ஜமீன்தார் கொடுத்தார், அப்புறம் டிக்கெட் வந்தது. கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கொள்ளாது என்றதும் பெரிய பெரிய வித்வான்களே அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தைக் காட்டக் கற்றுக்கொண்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டு கொடுத்தது 1926இல், பத்து வயதில். அது வியாபாரத் தட்டுதான். அதற்கும் முன்னால் முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் மணலியில் இருந்தபோது கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ராகத்தின் சுரங்களில் அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறக்குறைய நாற்பது நோட்டுசுவரங்கள். அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் வயலினையே கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்தார். அவர்கள் பேண்டு மெட்டு தரம் தாழ்ந்தது என்று காதைப் பொத்தவில்லை.

உஷா உதுப்பும் நம்ம பம்பாய்த் தமிழ் வீட்டுப் பெண்தானே அம்மா, பைகுல்லாவில் வளர்ந்தவர். குரல் கட்டையாக இருக்கிறது என்று பள்ளியில் பாட்டு வகுப்பில் பாட விடவில்லை. 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் புடவை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாப் பாடினார். அந்தக் குரலை வகுப்பு சேர்க்கவில்லை, பாப் சேர்த்துக்கொண்டது. இதை நான் சபாவில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பிடிக்க வைத்துவிட்டார்களா என்று கேட்டீர்கள். கல்யாணி ராகம் உங்களுக்கு ஏன் பிடிக்கும்? தொட்டிலில் கிடந்தபோதே பாட்டியோ அம்மாவோ பாடியிருப்பார்கள். விவரம் தெரிவதற்கு முன்னாலேயே பிடிக்க வைத்துவிட்டார்கள். அதற்காகக் கல்யாணியைச் சந்தேகப்படுவீர்களா?

முலுண்ட்_பாட்டு_டீச்சர்:

பெரியவர் சொன்னதில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பாப்பை நியாயப்படுத்த நாம் எப்போதும் அதற்குள் அனுபல்லவியையும் சங்கராபரணத்தையும் தேடுகிறோம். நம் வீட்டு ஜாடை தெரிந்தால்தான் குழந்தையைத் தூக்குவோம் என்கிற மாதிரி இருக்கிறது. அதற்கென்று இருப்பதை அதற்காகவே ரசிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நம் இசையில் ஆதார சுருதி, அதாவது சா நிற்கிற இடம், அசையாது. மத்யம சுருதிக்குப் போகிற சில பாட்டுகளைத் தவிர, கச்சேரி முழுக்கத் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும். அந்த நிலத்தில் நின்றுதான் எல்லாம். விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ கேளுங்கள். டாலி பார்ட்டன் எழுதி 1974இல் கிதாரோடு மெதுவாகப் பாடி வெளியிட்ட பாட்டு அது. ஹூஸ்டன் முக்கால் நிமிடத்துக்குப் பக்கம் எந்த வாத்தியமும் இல்லாமல் தனிக் குரலில் தொடங்குகிறார். கடைசியில் எல்லாம் அடங்கி ஒரு நொடி மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, அப்புறம் ஆதார சுருதியே ஒரு முழுச் சுரம் மேலே போய்விடுகிறது. சாவுக்கு அடுத்த படியில் ரி இருந்தது அல்லவா, இப்போது அந்த ரியே சா. காலுக்குக் கீழே தரை உயர்ந்தது மாதிரி இருக்கும்.

முப்பது வருடமாகச் சுருதி பிசகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் கலங்கும். எனக்கு அதை எங்கள் இசை கொடுக்காது, கொடுக்கவும் வேண்டியதில்லை.

90ஃபீட்_பையன்:

அக்கா, நான் தாராவி. தமிழிலும் இந்தியிலும் ராப் எழுதுகிறேன், பீட்டும் நானே போடுவேன். எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் காசு விஷயத்தை ரொம்பச் சுலபமாக விட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

பாட்டு நல்லதா என்பது ஒரு கேள்வி. எந்தப் பாட்டு உங்கள் காது வரைக்கும் வருகிறது என்பது வேறு கேள்வி. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால்தான் அது ஒரு பிளே என்று கணக்கு. அதற்குள் ஆள் தாண்டிப் போய்விட்டால் ஒன்றும் கிடைக்காது. அதனால் இப்போது வருகிற பாட்டுகளில் முன்னிசை தேய்ந்துகொண்டே போகிறது, எடுத்த எடுப்பில் ஹூக்கை, அதாவது மனதில் ஒட்டிக்கொள்கிற வரியை, கொண்டுவந்து வைக்கிறார்கள். போன வருடம் ஒரு இசை நிறுவனத்தில் என் பாட்டைக் கேட்டார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். எங்கள் சந்தில் தண்ணீர் வருகிற நேரத்தில் குடம் வைக்கிற சத்தத்தைப் பதிவு செய்து, அதிலிருந்தே பீட் மெல்ல மெல்லக் கிளம்புகிற மாதிரி 40 வினாடி முன்னிசை செய்திருந்தேன். அதை வெட்டி எட்டு வினாடி ஆக்கினால் பேசலாம் என்றார்கள். இங்கே ஃபேடர் அண்ணா ஜாக்சன் முன்னிசையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அவர் ஜாக்சன், அவரால் முடியாது என்று சொல்ல முடிந்தது. நான் வெட்டினேன்.

வெட்டினதற்கு அப்புறமும் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லணும். ஜனங்கள் ஆடுகிறார்கள். கல்யாண வீட்டில் போட்டார்கள், என் அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. காலா படத்தில் 2018இல் எங்கள் ஏரியா டோப்அடெலிக்ஸ் பசங்கள் ராப் பண்ணினார்கள், ரஜினி படம், அதைவிடப் பெரிய வியாபாரம் உண்டா? ஆனால் தியேட்டரில் எங்கள் பேச்சு எங்கள் குரலிலேயே கேட்டபோது பக்கத்தில் இருந்தவன் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். வியாபாரம் இல்லை என்றால் அந்தக் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது. அதனால் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

நான் சொல்வது, பிடித்தால் முழு மனதோடு கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கூடவே வாரத்துக்கு ஒரு பாட்டாவது ஆப் எடுத்துக் கொடுக்காமல் நீங்களே தேடிக் கேளுங்கள். இப்போது நீங்கள் செய்வது தானாக வந்ததை ரசிப்பது மட்டும்தான், தேடி எடுத்தது இல்லை. அந்த இடத்தில் பெரியப்பா சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஃபேடர்_டோம்பிவிலி:

தம்பி, நீ சொன்னது சரி. அதை நான் விட்டுவிட்டேன். வெட்டச் சொல்கிற வேலையை வாரத்துக்கு இரண்டு தடவை என் கையால் செய்கிறேன், அதனால் அது எனக்கு உறைக்காமல் போய்விட்டது போல. முன்னிசை வெட்டாத ஃபைல் வைத்திருக்கிறாயா? இருந்தால் அனுப்பு. மிக்ஸ் நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

மாட்டுங்கா_ரோடு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாரும் சொன்னதையும் செய்து பார்த்தேன்.

பில்லி ஜீனை அந்தேரி வருவதற்குள் டிரம்ஸுக்காக ஒரு தடவையும் பேஸுக்காக ஒரு தடவையும் கேட்டு முடித்தேன். பேஸ் மட்டும் கேட்டபோது பாட்டில் பயம் இருப்பது தெரிந்தது, இருபது வருடமாக அது ஆட்டப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவன் இருட்டில் நடந்துகொண்டே இருக்கிறான், நிற்கவே மாட்டேன் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ ஒரு பாட்டு போடு, நான் ஒன்று போடுகிறேன், யாரும் ஃபோனைப் பார்க்கக் கூடாது என்றேன். அவள் போட்ட முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை, மூன்றாவது தடவை கேட்டபோது அவளே "இது சும்மா எல்லாரும் கேக்கறாங்கன்னு கேட்டேன்மா" என்று மாற்றிவிட்டாள். ஆக அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரிகிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அடுத்து ஒரு பி.டி.எஸ். பாட்டு போட்டாள், மொழி ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் ஏழு குரலும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிற விதத்தைக் கேட்டு இன்னொரு தடவை போடு என்று நானே கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

டீச்சர் சொன்ன விட்னி பாட்டை நான் போட்டேன். சுருதி மேலே போகிற இடத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன ஆச்சு இப்போ என்று கேட்டாள். சொன்னால் புரியாது என்று பரணில் இருந்த என் பழைய எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை இறக்கித் துடைத்து, போட்டுக் காட்டினேன். முதலில் ஒரு சா, அப்புறம் அதைத் திருகி ஒரு சுரம் மேலே. இருவரும் மாறி மாறி அந்தக் கடைசி வரியைப் பாடிப் பார்த்தோம். பெரியப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். சுருதிப் பெட்டிச் சத்தம் கேட்டுத்தான் வந்திருக்கிறார், ரொம்ப வருடம் கழித்து நான் பாட உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து. ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மேல் ஸ்தாயியில் குரல் அடைக்கிறது, காலையில் சாதகம் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன பாட்டு என்று கேட்கவில்லை.

செம்பூர் ஐயா, உங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அந்த ஆப்பா தட்டு இன்னும் இருந்தால் எடுத்து வாருங்கள். தம்பி, உன் பாட்டை எங்கே கேட்கலாம்?

90ஃபீட்_பையன்:

இன்பாக்ஸில் இரண்டு ஃபைல் போட்டிருக்கிறேன் அக்கா. முதலாவது ஆப்பில் இருக்கிறது. இரண்டாவது 40 வினாடி முன்னிசையோடு, ஃபேடர் அண்ணா நேற்றுதான் மிக்ஸ் முடித்துக் கொடுத்தார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், குடம் சத்தம் இடது காதில் தொடங்கும்.